லிம் சூ காங் சாலையில் போர் விமானம் இறங்குவது எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நாலாம்_மாடி:

வணக்கம். 975 பஸ் போற அதே லிம் சூ காங் சாலையை நம்ம சிங்கப்பூர் ஆகாயப்படை சில வருஷத்துக்கு ஒரு தடவை மூடி, போர் விமானத்தை இறக்கி ஏத்துறாங்களே, அதைப் பத்தித்தான் கேள்வி. ‘டோரண்ட்’ பயிற்சின்னு பேரு. 2016-லயும் 2024-லயும் வந்த படங்களைப் பார்த்தாச்சு. ஒரு படத்துல விளக்குக் கம்பத்தை கிரேன் தூக்குது, பஸ் நிறுத்தத்தைக் கழற்றுறாங்க. அடுத்த படத்துல எஃப்-16 இறங்குது. நடுவுல என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல.

சாதாரண தார்ச்சாலை விமானத்தோட எடையைத் தாங்குமா? அகலம் போதுமா? எதுல தப்பு நடக்க வாய்ப்பு அதிகம்? அதைவிட, தெங்கா விமானப்படைத் தளம் பக்கத்துலயே இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதுக்கு?

---

வால்கொக்கி:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் அதை மூன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். எஃப்-16 நிற்பது தெங்காவில், இன்னொரு போர் விமானமான எஃப்-15எஸ்ஜி நிற்பது பாய லேபார் தளத்தில். ஓடுபாதையில் நாலு இடத்தில் பள்ளம் விழுந்தால் போதும், கொட்டகைக்குள் விமானங்கள் முழுசாக இருந்தும் பயனில்லை. பெரிய நாடு என்றால் வேறு மாநிலத்துக்கு நகர்த்தலாம். இங்கே நகர்த்த இடம் ஏது? சாலைதான் மிச்சம். அதனால்தான் 1986-லேயே முதல் டோரண்ட் நடந்தது. லிம் சூ காங் சாலையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் வெளிப்படை: நேராக இருக்கிறது, தெங்காவை ஒட்டியே ஓடுகிறது.

எடை: முழுச் சுமையோடு எஃப்-16 சுமார் 19 டன், எஃப்-15எஸ்ஜி சுமார் 36 டன். 36 டன் லாரி சிங்கப்பூர் சாலையில் தினமும் ஓடுகிறதே என்று கேட்கலாம். லாரியில் அந்த எடை பத்துப் பன்னிரண்டு டயர்களுக்குப் பிரிகிறது, ஒவ்வொன்றிலும் காற்றழுத்தம் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) சொச்சம். போர் விமானத்தில் பெரும்பாலான எடை பின்னால் இருக்கும் இரண்டே சக்கரங்களில். டயர் அழுத்தம் 200 பி.எஸ்.ஐ.க்கு மேல். ஓடும்போது தார் அதைத் தாங்கிக்கொள்ளும். மதிய வெயிலில் இளகிய தாரின் மேல் அசையாமல் நிறுத்தி வைத்தால்தான் டயர் அமுங்கிக் குழி விழும். ஆகவே சாலை இறங்கவும் ஏறவும் மட்டும், நிறுத்தி வைப்பதற்கில்லை.

அகலம்: ஓடுபாதையாக எடுக்கும் பகுதி 2,500 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம். வழக்கமான ஓடுபாதை 45 மீட்டராவது இருக்கும். நீளத்தைப் பற்றி எந்த விமானியும் கவலைப்பட மாட்டார், போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. எஃப்-15எஸ்ஜி-யின் இறக்கை விரிவு 13 மீட்டர். நடுக்கோட்டில் சரியாக வந்தாலும் இறக்கை நுனிக்கு வெளியே பக்கத்துக்கு ஐந்தரை மீட்டர்தான். எஃப்-16-க்கு ஏழு மீட்டர். கம்பங்களையும் பலகைகளையும் கம்பித் தடுப்புகளையும் ஏன் கழற்றுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

இதில் வெளியே தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. பழகிய ஓடுபாதையைவிடக் குறுகலானதைப் பார்க்கும்போது, ‘நான் ரொம்ப உயரத்தில் இருக்கிறேன்’ என்று கண் ஏமாற்றும். விமானி தன்னையறியாமல் தாழ்வாக வருவார். இருபக்கமும் மரம் இருந்தால் ஏமாற்று இன்னும் கூடும். அதனால்தான் இறங்கும் கோணத்தைச் சிவப்பு வெள்ளையாகக் காட்டும் விளக்குகள் இங்கே மிக முக்கியம். கண்ணை நம்பாமல் விளக்கை நம்ப வேண்டும். நடமாடும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஓரத்து விளக்குகளும் தற்காலிகமாகக் கொண்டுவந்து வைக்கப்படும்.

அடுத்து தடுப்பு வடம். பிரேக் போனாலோ, ஏற ஓடும்போது பாதியில் கைவிட நேர்ந்தாலோ விமானம் வால்கொக்கியை இறக்கி வடத்தைப் பிடிக்கும். உலகில் பரவலாக உள்ள பேக்-12 வகையை வைத்துச் சொல்கிறேன். சாலைக்குக் குறுக்கே ஓர் அங்குலத் தடிமன் எஃகு வடம். அதன் இரு முனையிலும் நைலான் பட்டை, பட்டை சுற்றிய உருளை, உருளையில் உராய்வு பிரேக். வடம் தரையில் படுத்திருந்தால் கொக்கி அதன் மேல் வழுக்கிப் போய்விடும். அதனால் வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வட்டுகளை வடத்தில் கோத்து, தரையிலிருந்து இரண்டங்குலமாவது தூக்கி வைப்பார்கள். நிரந்தரத் தளத்தில் உருளைப் பெட்டி காங்கிரீட்டில் பதிந்திருக்கும். சாலையோரத்தில் மண்ணில் இரும்பு முளைகள் அடித்துக் கட்ட வேண்டும். நம் ஊர் மழைக்கு மண் ஊறியிருந்தால் முளை பிடிக்காது. ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் நின்றால் விமானம் சாலையை விட்டுத் திரும்பும். 24 மீட்டரில் திரும்ப எங்கே இடம்?

---

ஈரக்காற்று:

வால்கொக்கி வடத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டார். (பெயரே அதுதான், என்ன செய்வது.) ‘எதுல தப்பு நடக்கும்’ என்று கேட்டால் என் பதில் கூழாங்கல்.

எஃப்-16-ஐ எதிரிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? காற்றிழுக்கும் வாய் வயிற்றுக்கு அடியில் தொங்கும். கீழ் உதடு தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்குத்தான் உயரம். என்ஜின் ஓடும்போது அந்த வாய்க்கும் தரைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சுழல் உண்டாகும். தரை ஈரமாக இருந்தால் நீர்த்திரி மாதிரி அதை நேராகவே பார்க்கலாம். அந்தச் சுழல் கல், திருகாணி, பாட்டில் மூடி எதையும் தூக்கும். என்ஜினின் முதல் வரிசைத் தகட்டில் விரல் நகம் அளவு கீறல் விழுந்தால்கூட, தேய்த்துச் சரிசெய்யலாமா, என்ஜினையே இறக்க வேண்டுமா என்று அளந்து பார்த்த பிறகுதான் அடுத்த பறப்பு.

எஃப்-16-இன் முன்சக்கரத்தை வாய்க்குப் பின்னால் வைத்ததே இதற்காகத்தான். சொந்தச் சக்கரம் கிளப்பும் கல் சொந்த வாய்க்குள் போகாது. எஃப்-15-இல் முன்சக்கரம் வாய்க்கு முன்னால். ஆனால் அதன் வாய்கள் உயரத்தில், பக்கவாட்டில் இருக்கின்றன. ஆக ஒன்றுக்குச் சுழல் கவலை, மற்றதுக்குச் சக்கரக் கவலை. இரண்டுக்கும் பொதுவானது முன்னால் போகும் விமானத்தின் என்ஜின் பின்பக்கம் தள்ளும் காற்று, அது கல்லைக் கிளப்பிப் பின்னால் வரும் விமானத்தின் மேல் எறியும். அதனால் சாலையில் இடைவெளி விட்டுத்தான் ஓட்டுவார்கள்.

சாலையில் என்னவெல்லாம் கிடக்கும்? லாரியிலிருந்து உதிர்ந்த ஜல்லி, டயர்க் கம்பித் துண்டு, கழற்றிய கம்பத்தின் நட்டு போல்ட். கடைசியாகச் சொன்னது நாமே உண்டாக்கியது, அதுதான் அதிக ஆபத்து. கம்பம் கழற்றும் குழு எத்தனை போல்ட் எடுத்தது, பையில் எத்தனை இருக்கிறது என்று எண்ணி ஒப்படைக்க வேண்டும். முதலில் கூட்டும் வண்டி, பிறகு உறிஞ்சும் வண்டி, அதன் பிறகு ஆட்கள் தோளோடு தோளாக வரிசை கட்டி 2,500 மீட்டரும் குனிந்து நடப்பது. வண்டி விட்டதை இந்த நடைதான் பிடிக்கும். விரிசலில் சிக்கிய கல்லைத் திருப்புளியால் நெம்பி எடுக்க வேண்டும், சக்கரம் ஏறினால் அது வெளியே தெறிக்கும். கம்பம் நின்ற குழிகளை மட்டமாக மூட வேண்டும். மழை பெய்தால் ஓரத்து மண் சாலைக்குள் வரும். மறுபடி நடை.

இன்னொன்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது. எஃப்-16-இல் என்ஜின் நின்றாலோ மின்சாரம் போனாலோ தானே ஓடும் அவசர மின்பொறி உண்டு. அது ஹைட்ரஸின் எரிபொருளில் ஓடும். 70 விழுக்காடு ஹைட்ரஸின், 30 விழுக்காடு தண்ணீர், சுமார் 25 லிட்டர். நஞ்சு. அம்மோனியா மாதிரி வாடை வரும். வாடை வந்துவிட்டது என்றால் பாதுகாப்பான அளவை ஏற்கெனவே தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பொறி ஓடிய நிலையில் ஒரு விமானம் இறங்கினால், கூட்டத்துக்குக் காற்றுக்கீழாக, தனியாக, இடது இறக்கையைக் காற்று வரும் பக்கம் வைத்து நிறுத்த இடம் வேண்டும். தளத்தில் அதற்குத் தனி இடம் இருக்கும். சாலையில் அந்த இடத்தை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால், ஒரே ஒரு விமானம் மொத்தச் சாலையையும் அடைத்துவிடும்.

---

நாலாம்_மாடி:

ரெண்டு பேருக்கும் நன்றி. போல்ட் எண்ணுற வேலை இருக்கும்னு நினைச்சே பார்க்கல. இன்னும் ரெண்டு கேள்வி. சாலையில என்ஜினை எப்படி ஸ்டார்ட் பண்றாங்க, வெளியிலிருந்து மின்சார வண்டி வேணாமா? அப்புறம், பயிற்சி எப்பவோ ஒரு தடவை. மத்த நாள்ல தளத்துல இருக்கிற டெக்னீஷியனுக்கு அன்றாட வேலை எப்படி இருக்கும்?

---

வால்கொக்கி:

ஸ்டார்ட்டுக்கு மட்டும் சுருக்கமாக: வண்டி தேவையில்லை. எஃப்-16-க்குள்ளேயே ஒரு குட்டி டர்பைன் இருக்கிறது, அதுதான் பெரிய என்ஜினைச் சுழற்றும். அந்தக் குட்டியைச் சுழற்ற, நைட்ரஜனால் அழுத்தி வைத்த ஹைட்ராலிக் எண்ணெய்க் குடுவைகள் இரண்டு. முதல் முயற்சியில் ஒன்றைப் பயன்படுத்தலாம், அல்லது இரண்டையும் சேர்த்தே திறக்கலாம். என்ஜின் பிடித்துக்கொண்டால் குடுவைகள் தாமாக நிரம்பிக்கொள்ளும். இரண்டையும் திறந்தும் பிடிக்காவிட்டால்? இரண்டும் காலி. தரைக்குழு கைப்பம்பால் அடித்துத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். அடித்துப் பார்த்தவர்கள் அதைக் ‘கிணற்றடி’ என்பார்கள். பெரும்பாலும் கோளாறு குடுவையின் நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். வெப்பநிலைக்குத் தகுந்த அழுத்தம் அட்டவணையில் இருக்கிறது. காலைக் குளிர்ச்சியில் சரியாக வைத்துவிட்டு மதியம் பார்த்தால் முள் வேறு எண்ணைக் காட்டும். பதறி நைட்ரஜனைத் திறந்துவிடக் கூடாது, முதலில் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும்.

---

மூணாம்_ஷிஃப்ட்:

அன்றாட வேலைன்னு கேட்டதால நான் வர்றேன். சினிமா மாதிரி எதிர்பார்க்காதீங்க, பாதி வேலை எண்ணுறதும் துடைக்கிறதும்தான்.

ஷிஃப்ட் ஆரம்பத்துல டூல் பாக்ஸ். உள்ள தடிமனான ஃபோம். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதே வடிவத்துல வெட்டின குழி, அடியில வேற நிறம். ஒண்ணு இல்லேன்னா பல்லு விழுந்த மாதிரி பளிச்சுன்னு தெரியும். ஒவ்வொண்ணுலயும் எண் பொறிச்சிருக்கும். எடுக்கும்போது ஒரு கையெழுத்து, விமானத்தை விட்டு நகரும்போது ஒரு எண்ணிக்கை, திருப்பிக் கொடுக்கும்போது இன்னொண்ணு. ஒரு சின்ன சாக்கெட் காணோம்னா அந்த விமானம் பறக்காது, அவ்வளவுதான். கிடைக்கிற வரைக்கும் பேனலைத் திறந்து தேடணும். உடைஞ்ச முனைகூட முழுசா வந்து சேரணும்.

விமானம் இறங்கி வந்ததும் எல்லாரும் ஓடிப்போய் மொய்க்கிறது கிடையாது. முதல்ல பிரேக். கடுமையா மிதிச்சு நிறுத்தியிருந்தா, நின்ன உடனே இருக்கிற சூட்டை விடப் பத்து நிமிஷம் கழிச்சு இருக்கிற சூடு அதிகம். உள்ளே இருக்கிற வெப்பம் மெதுவாத்தான் சக்கரத்துக்கு ஏறும். ரொம்ப ஏறினா சக்கரத்துல இருக்கிற ஃபியூஸ் பிளக் உருகிக் காற்றை விட்டுடும், டயர் வெடிக்காம இருக்க அந்த ஏற்பாடு. அது வேலை செய்யாமப் போனா சக்கரத் துண்டு பக்கவாட்டுல பறக்கும். அதனால சூடான சக்கரத்துக்கு முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் போகணும். அச்சுக்கு நேரா, பக்கத்துல நிக்கவே கூடாது. புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லணும், ஏன்னா டயரைப் பார்க்கணும்னாலே மனுஷன் பக்கவாட்டுலதான் குனிவான்.

அப்புறம் நம்ம ஊர் வானிலை. கேட் ஒன்னுன்னா (மின்னல் எச்சரிக்கை) என்னன்னு என்.எஸ். (தேசிய சேவை) பண்ணவங்களுக்குச் சொல்ல வேணாம். மின்னல் எச்சரிக்கை வந்தா திறந்தவெளி வேலை நிக்கும். எரிபொருள் ஏத்துறதும் வெடிபொருள் மாட்டுறதும் முதல்ல நிக்கும். அரைமணி நிக்கலாம், ரெண்டு மணி நேரமும் நிக்கலாம். அன்னைக்கு அட்டவணை மொத்தமும் சரியும், இரவுப் பறப்பு தள்ளிப்போகும், ஷிஃப்ட் நீளும். எதிரியைவிட மேகத்தோடதான் தினம் சண்டை.

ஈரப்பதமும் உப்புக்காத்தும் சேர்ந்தா அலுமினியத்துல வெள்ளையா மாவு பூக்கும். அதுதான் அரிப்பு. பெயிண்ட்டுக்கு அடியில கொப்புளம் மாதிரி தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே விரலால தடவிப் பார்த்தா தெரிஞ்சுடும். முக்கியமா ஆணி வரிசை, கதவுக் கீல், பேட்டரி பக்கம். நல்ல தண்ணியில கழுவுறது சோம்பேறி வேலை மாதிரி தோணும், ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு: வயிற்றுப் பக்கம் இருக்கிற வடிகால் ஓட்டைகள். அது அடைச்சிருந்தா கழுவின தண்ணியே உள்ள தேங்கி அரிக்கும். கழுவுறதுக்கு முன்னாடி ஓட்டையைப் பார்க்கணும், கழுவின பிறகும் பார்க்கணும். செம்பவாங் தளத்து ஹெலிகாப்டர்கள் கடல் மேல தாழ்வாப் பறந்துட்டு வந்தா என்ஜினுக்குள்ளயும் தண்ணி விட்டு உப்பை அலசணும், இல்லேன்னா கம்ப்ரெஸ்ஸர் தகட்டுல உப்பு படிஞ்சு சக்தி குறையும். எலெக்ட்ரிக் கனெக்டர்ல ஈரம் புகுந்தா இன்னும் தொல்லை. காலையில கோளாறு காட்டும், வெயில் ஏறினா தானே மறைஞ்சுடும். ‘சோதிச்சோம், கோளாறு இல்லை’ன்னு எழுதி மூடினா மறுநாள் காலையில அதே கோளாறு.

இதோட, படையில ஒரு நல்ல பங்கு வெளிநாட்டுலதான் இருக்கு. இங்க வான்வெளி அவ்வளவு சின்னது, அதையும் சாங்கி விமான நிலையத்தோட பங்கு போட்டுக்கணும். ஆரம்பப் பயிற்சி ஆஸ்திரேலியாவுல பியர்ஸ் தளத்துல பிசி-21 பயிற்சி விமானம், அடுத்த கட்டம் பிரான்ஸ் கசோவுல எம்-346 பயிற்சி ஜெட், எஃப்-16 அரிசோனாவுல, எஃப்-15எஸ்ஜி ஐடஹோவுல மவுண்டன் ஹோம், ஹெலிகாப்டர் ஆஸ்திரேலியாவுல ஓக்கி. விமானி மட்டும் போறதில்ல, டெக்னீஷியனும் குடும்பத்தோட போறாங்க. அங்க பிரச்சினை தலைகீழ். அரிசோனாவுல அரிப்பு கிடையாது, ஆனா ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும். ஐடஹோ குளிர்ல சீல் சுருங்கி, முந்தின நாள் சொட்டாத ஹைட்ராலிக் காலையில சொட்டும். ரெண்டு இடத்துலயும் வேலை பார்த்தவங்க கசிவைப் பார்த்ததும் முதல்ல தெர்மாமீட்டரைத்தான் பார்ப்பாங்க.

---

ஈரக்காற்று:

மூணாம்_ஷிஃப்ட் சொன்ன கனெக்டர் விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. ‘மறைந்துபோன கோளாறு’ என்றால் வெயில் ஏறும் முன் அதே நேரத்தில் திரும்பச் சோதியுங்கள். கனெக்டரைக் கழற்றும்போது ஊசிகளில் பச்சை நிறம் படிந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டர் போய்ச் சேரும் மின்னணுப் பெட்டியை மாற்றிப் பார்ப்பதுதான் சுலபம், ஆனால் நல்ல பெட்டி மூன்று வீணாக அனுப்பப்பட்ட பிறகுதான் பல சமயம் கம்பி பக்கம் கை போகும்.

---

நாலாம்_மாடி:

ஒரே ஒரு கேள்வி, இதோட விட்டுடுறேன். எஃப்-35பி வாங்குறாங்களே, அது செங்குத்தா இறங்கும்ல? அப்ப 2,500 மீட்டர் சாலையே வேணாம், ஏதாவது ஒரு கார் நிறுத்துமிடம் போதும்தானே?

---

வால்கொக்கி:

இந்தச் சின்ன இடத்தை மனதில் வைத்துத்தான் முதலில் பி வகையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் 4, 2023-இல் இன்னும் 8, எல்லாம் பி. 2024-இல் அறிவித்த 8 மட்டும் ஏ வகை, அதற்கு வழக்கமான ஓடுபாதை வேண்டும்.

கார் நிறுத்துமிடம் நடக்காது. செங்குத்தாக இறங்கும்போது என்ஜினின் சூடான புகை வெளிவரும் குழாய் தரையை நேராகப் பார்க்கிறது. அந்தச் சூட்டுக்குத் தார் உருகிப் பிய்ந்து பறக்கும். சாதாரண காங்கிரீட்டில்கூட உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பரப்பு செதில் செதிலாகத் தெறிக்கும். தெறித்த துண்டு எங்கே போகும்? ஈரக்காற்று சொன்ன அதே இடத்துக்கு, விமானத்தின் காற்றிழுக்கும் வாய்க்குள். அதனால் செங்குத்தாக இறங்க வெப்பம் தாங்கும் தனிக் காங்கிரீட் மேடையோ, தரையில் கோத்து விரிக்கும் அலுமினியப் பலகையோ வேண்டும். தவிரவும் செங்குத்தாக இறங்க வேண்டுமானால் எடை குறைவாக இருக்க வேண்டும். மிச்ச எரிபொருளும் திருப்பிக் கொண்டுவரும் குண்டும் சேர்ந்தால் அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும்.

சாலையில் அதற்கு ஏற்ற முறை, மெதுவாக உருண்டு இறங்குவது, குறைந்த தூரம் ஓடி ஏறுவது. உருண்டுகொண்டே இருந்தால் சூடு ஒரே இடத்தில் தங்காது. இது எஃப்-16-க்கும் பொருந்தும். தார்மேல் நின்றபடி முழு விசை கொடுத்துப் பார்க்காமல், பிரேக்கை விட்டு ஓடிக்கொண்டே விசையை ஏற்றுவது நல்லது.

---

ஈரக்காற்று:

தார் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் குடும்பம், தாரைக் கரைக்கும். ஒரு தட்டு அளவு சிந்தினாலும் அந்த இடம் மெத்தென்று ஆகி ஜல்லி தனியே பெயரும். சிந்தியதும் உறிஞ்சும் பொடி போட்டு அள்ள வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் பரவுமே தவிரப் போகாது. சாலையைத் திருப்பிக் கொடுக்கும்போது கம்பத்தையும் பஸ் நிறுத்தத்தையும் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இந்த மெத்தென்ற இடங்களைக் கண்டுபிடித்து வெட்டி ஒட்டாவிட்டால், அடுத்த வாரம் அதன் மேல் ஏறப்போவது 975.